சர்க்கார் வேலையும் நிர்ப்பந்த உழைப்பும் – 7: டில்லியில் பிடித்துக்கொண்ட ஒரு ரூபாய்

தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்ததையும், அந்த அளவு உயிரைக் காக்கப் போதாதென்று சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் விடாது வாதாடியதையும், இன்று நாம் காணும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகளின் கைகளாலேயே வெட்டப்பட்டதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அக்காலத்தில் மண்வெட்டியவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே நின்றவர்கள் சர்க்காரின் சிப்பந்திகளே. ஆகையால் கூலி குறைந்தால் யாரைக் கேட்பது என்ற சந்தேகம் எவருக்கும் எழவில்லை. கட்டடங்களையும் பாலங்களையும் சாலைகளையும் காண்ட்ராக்டர்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் வேரூன்றிய பிறகுதான் அந்தச் சந்தேகம் தலையெடுத்தது. பொக்கிஷத்திலிருந்து பணம் கொடுப்பவர் ஒருவர், வேலையை ஏற்பவர் மற்றொருவர், ஆள் சேர்ப்பவர் மூன்றாமவர், உடல் வருந்துபவர் நான்காமவர் என்று பொறுப்புப் பங்கிடப்பட்டபோது, நான்காமவருக்கு நேரும் அநியாயத்துக்கு முதலாமவர் பதில் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி பிறந்தது. சுதந்திர இந்தியாவில் அக்கேள்விக்கு ஐயத்துக்கிடமில்லாத விடை 1982ஆம் ஆண்டில், டில்லி மாநகரில், ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக மைதானங்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயத்தில் கிடைத்தது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

டெண்டரும் கூலியும்

டில்லிக்குப் போவதற்கு முன், காண்ட்ராக்ட் முறையில் கூலி எவ்வாறு தேய்கிறது என்பதைச் சற்று நிதானமாகக் கவனிப்பது அவசியம். சர்க்கார் ஒரு வேலைக்கு டெண்டர் கோரும்போது குறைந்த தொகையைக் குறிப்பிட்டவருக்கே அதைக் கொடுப்பது வழக்கம். பிரஜைகளின் வரிப்பணம் வீணாகக் கூடாது என்ற நல்ல நோக்கமே அதற்கு ஆதாரம். ஆனால் சிமெண்டின் விலையும் இரும்பின் விலையும் எல்லாக் காண்ட்ராக்டர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஒருவர் மற்றவரைவிடக் குறைத்துக் கேட்க விரும்பினால், அவர் கைவைக்கக்கூடிய இடம் பெரும்பாலும் தொழிலாளியின் கூலிதான். நியாயமாகக் கூலி கொடுப்பவர் டெண்டரில் தோற்றுப்போவதும், கூலியை வெட்டுகிறவர் வேலையைப் பெறுவதும் நாளடைவில் வழக்கமாகிவிட, சட்டசபையில் உட்கார்ந்து குறைந்தபட்சக் கூலியை விதிக்கும் அதே சர்க்கார், வேலை வாங்கும் இடத்தில் அந்தக் கூலியைக் குறைப்பவருக்கே பரிசளிக்கும் விபரீதம் நிகழ்கிறது.

பிரிட்டிஷ் பார்லிமெண்ட் இதை முன்னதாகவே உணர்ந்தது. சிறு பட்டறைகளில் உடல் தேய உழைத்தவர்களின் நிலையைப் பிரபுக்கள் சபையின் கமிட்டியொன்று 1888 முதல் விசாரித்து வெளிப்படுத்திய பிறகு, ஸிட்னி பக்ஸ்டன் என்ற அங்கத்தினரின் முயற்சியால், 1891ஆம் ஆண்டு பிப்ரவரியில் காமன்ஸ் சபை நியாயக்கூலித் தீர்மானத்தை நிறைவேற்றியது. சர்க்கார் காண்ட்ராக்ட் எடுப்பவர் அந்தத் தொழிலில் வழங்கும் கூலியைக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1949இல் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, 94ஆம் உடன்படிக்கையின் மூலம் இக்கொள்கையை உலகுக்கே பொதுவாக்கியது. சர்க்கார் காண்ட்ராக்டுகளில் கூலி பற்றிய ஷரத்து இருக்க வேண்டும். அது வேலையிடத்தில் எல்லோரும் காணும்படி ஒட்டப்பட வேண்டும். அதை மீறினவருக்கு மறுபடி காண்ட்ராக்ட் கொடாமலிருக்கலாம். அவருக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்திவைத்துத் தொழிலாளிகளின் பாக்கியைத் தீர்க்க வழிசெய்ய வேண்டும் என்றெல்லாம் அது வகுத்தது. பணம் கொடுப்பவரின் கை காண்ட்ராக்டரின் கையை விட வலியது என்ற அநுபவ ஞானமே இந்த ஏற்பாட்டின் உயிர்.

இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. ஆயினும் மத்தியப் பொதுப்பணி இலாகாவின் காண்ட்ராக்டுகளில் நியாயக்கூலி ஷரத்து இடம் பெற்றிருந்தது, சட்டங்களுக்கும் குறைவில்லை. மனிதரை விற்று வாங்குவதையும், வெட்டிவேலையையும், அதையொத்த ஏனைய நிர்ப்பந்த உழைப்பையும் அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுத்தது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளை ஆபத்தான வேலைகளில் அமர்த்துவதை 24ஆவது பிரிவு தடுத்தது. 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், 1970இல் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டமும், 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் ஆண் பெண் சமக் கூலிச் சட்டமும் வந்தன. ஒரிஸ்ஸாவில் முன்பணம் கொடுத்துத் தூர தேசங்களுக்கு ஆள் அனுப்பும் ‘தாதன்’ முறையின் கொடுமைகள் வெளிப்பட்டு, அந்த ராஜ்யம் 1975இல் தனிச்சட்டம் இயற்றிய பின்னர், அதன் வழியே 1979இல் மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் தொழிலாளருக்கான மத்தியச் சட்டமும் பிறந்தது. காண்ட்ராக்டர் கூலி கொடுக்கும்போது வேலைக்குச் சொந்தக்காரரின் பிரதிநிதி கூட இருக்க வேண்டும் என்றும், காண்ட்ராக்டர் கொடுக்கத் தவறினால் சொந்தக்காரரே கொடுத்துவிட்டுப் பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும் 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. இத்தனை சட்டங்களும் ஏட்டில் இருக்கையில்தான், தேசத்தின் தலைநகரில், சர்க்காரின் கண்ணெதிரே, நாம் சொல்லப்போகும் காரியம் நடந்தது.

ஜமேதார்களின் தரகு

ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1982ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி டில்லியில் தொடங்குவதாக நிச்சயிக்கப்பட்டிருந்தன. மேம்பாலங்களும், மைதானங்களும், நீச்சல் குளமும், ஹோட்டல்களும், விளையாட்டு வீரர்கள் தங்குவதற்கான கிராமமும் அதற்குள் எழும்பியாக வேண்டும். டில்லி நிர்வாகம், டில்லி அபிவிருத்தி ஸ்தாபனம், புதுடில்லி முனிசிபல் கமிட்டி ஆகியவை இவ்வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டு, பல காண்ட்ராக்டர்களிடம் ஒப்படைத்தன. காண்ட்ராக்டர்கள் ஜமேதார்களைப் பிடித்தார்கள். நம் பக்கத்தில் மேஸ்திரி என்றும் கங்காணி என்றும் சொல்லப்படுகிறவர்களின் ஸ்தானம் அவர்களுடையது. ராஜஸ்தானத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஏழைக் குடியானவர்களை அந்த ஜமேதார்கள் டில்லிக்குக் கூட்டிவந்தார்கள்.

டில்லியில் அப்போது சாதாரணக் கூலியாளுக்கு விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு ரூ. 9.25. காண்ட்ராக்டர்கள் இத்தொகையைத் தொழிலாளியின் கையில் கொடாமல் ஜமேதாரின் கையில் கொடுத்தார்கள். ஜமேதார் ஆளொன்றுக்கு ஒரு ரூபாயைத் தமது தரகாகப் பிடித்துக்கொண்டு ரூ. 8.25 மட்டும் கொடுத்தார். கணக்குப் பார்த்தால், மாதத்தில் இருபத்தாறு நாள் உழைத்தவன் ஏறத்தாழ மூன்று நாள் கூலியை, தனக்கு வேலை தேடிக்கொடுத்த குற்றத்துக்காக இன்னொருவனுக்குக் கப்பம் கட்டினான் என்று ஏற்படும். பெண்களுக்கு ஏழு ரூபாய்தான் கிடைத்தது என்றும், மிச்சத்தை ஜமேதார்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றும், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் வேலை செய்தார்கள் என்றும், தங்குமிடமும் வைத்திய வசதியும் சட்டப்படி அளிக்கப்படவில்லை என்றும், அவ்விடங்களுக்கு நேரில் சென்று விசாரித்த மூன்று சமூக சாஸ்திர அறிஞர்கள் எழுதிவைத்தார்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் அந்த அறிக்கையை ஒரு கடிதத்துடன் இணைத்து, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பி. என். பகவதிக்கு அனுப்பியது.

அக்கடிதமே வழக்காயிற்று. கோர்ட்டுக் கட்டணமும் வக்கீல் செலவும் தாங்க இயலாத ஏழைகளின் சார்பில், பொதுநல நோக்கமுள்ள எவரும் நியாயஸ்தலத்தை அணுகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1981 டிசம்பரில் எஸ். பி. குப்தா வழக்கில் வகுத்த கோட்பாடு அப்போது பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதன் பலனை முதன்முதலில் அடைந்தவர்களில் இந்தக் கல்லுடைப்போரும் மண் சுமப்போரும் சேர்ந்திருந்தார்கள் என்பது நம் நீதி சரித்திரத்தில் நினைவில் வைக்கத் தக்கது.

சர்க்கார் தரப்பு

சர்க்கார் தரப்பில் எழுப்பப்பட்ட ஆட்சேபங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏனெனில் இதே வாதங்களை வெவ்வேறு தேசங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு சர்க்கார்கள் சொல்லிவந்ததை இத்தொடரில் நாம் மறுபடியும் காணப்போகிறோம். மனுதாரர்களாகிய சங்கத்தாரின் உரிமை எதுவும் மீறப்படாதிருக்க, அவர்கள் எப்படி வழக்காடலாம் என்பது முதல் ஆட்சேபம். தொழிலாளருக்குக் குறை இருந்தால் அது காண்ட்ராக்டர் செய்த குறை. அவர் தனி மனிதர். அடிப்படை உரிமைகளைக் கோரி சர்க்காரின் மேல் வழக்குத் தொடுப்பது பொருந்தாது என்பது இரண்டாவது. 23ஆவது பிரிவு தடுப்பது கூலியே இல்லாத வெட்டிவேலையைத்தான். சற்றுக் குறைவாயினும் கூலி கொடுத்து, ஆளும் சம்மதித்து வந்தபின், அதை நிர்ப்பந்த உழைப்பு என்று சொல்ல இயலாது என்பது மூன்றாவது.

ஜமேதார்கள் ஒரு ரூபாய் பிடித்தது பிரமாணப் பத்திரத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. குழந்தைகளைப் பற்றிக் கேட்டபோது, 1938ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் கட்டட வேலை சேர்க்கப்படவில்லை என்ற பதில் வந்தது. மாகாணம் விட்டு வந்த தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டமோ, 1980 அக்டோபர் 2ஆம் தேதி அமுலுக்கு வந்திருந்தும், அதன் விதிகள் டில்லியில் 1982 ஜூனில்தான் உயிர் பெற்றன; வேலையில் பெரும் பகுதி அதற்குள் நடந்துவிட்டது. இடம் பெயர்வதற்கான படித்தொகை, பிரயாணச் செலவு, கணக்குப் புஸ்தகம் என்று அச்சட்டம் அளித்த பாதுகாப்புகள் யாருக்காக ஏற்பட்டனவோ, அவர்களே அவற்றை அறியாமல் உழைத்தார்கள்.

1982 செப்டம்பர் 18

நீதிபதிகள் பகவதி, பஹருல் இஸ்லாம் இருவரும் 1982ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி அளித்த தீர்ப்பு, மேற்கண்ட மூன்று ஆட்சேபங்களையும் ஒவ்வொன்றாக நிராகரித்தது. வறுமையாலும் அறியாமையாலும் நியாயஸ்தலத்தின் வாசலை எட்ட முடியாதவர்களுக்காக மற்றவர்கள் வழக்காடலாம் என்று முதல் ஆட்சேபம் தள்ளப்பட்டது. தீண்டாமையைத் தடுக்கும் 17ஆவது பிரிவும், நிர்ப்பந்த உழைப்பைத் தடுக்கும் 23ஆவது பிரிவும், குழந்தைகளைக் காக்கும் 24ஆவது பிரிவும் தனி மனிதர்களையும் கட்டுப்படுத்துவன. அவற்றை யார் மீறினாலும் தடுத்து நிறுத்துவது சர்க்காரின் கடமை. வேலையைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டதால் வேலைக்குச் சொந்தக்காரரான சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது என்று இரண்டாவது ஆட்சேபம் வீழ்ந்தது.

மூன்றாவது ஆட்சேபத்துக்குச் சொல்லப்பட்ட விடையே இத்தீர்ப்பின் ஜீவன். நிர்ப்பந்தம் என்பது சாட்டையாலும் சங்கிலியாலும் மட்டும் வருவதன்று; சட்டத்தின் மிரட்டலாலும் வரலாம்; பசியும் வறுமையும் வேறு வழி யாதொன்றும் விடாமல் ஒருவனை நெருக்கும்போது அந்த நெருக்கடியாலும் வரலாம் என்று நீதிபதிகள் விளக்கினார்கள். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவன் மனமொப்பி உழைக்க மாட்டான். அவ்வாறு உழைக்கிறான் என்றால் ஏதோ ஒரு நிர்ப்பந்தம் அவனை அழுத்துகிறது என்றே கொள்ள வேண்டும். ஆகையால் அவன் செய்வது 23ஆவது பிரிவு தடுக்கும் நிர்ப்பந்த உழைப்பே என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். இதன் பலனாக, ஜமேதார் பிடித்த ஒரு ரூபாய் வெறும் கூலி பாக்கியாக இராமல், அரசியல் சட்டத்துக்கு விரோதமான செய்கை ஆயிற்று. அதே முறையில், பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்தது சமத்துவ உரிமைக்கும், காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் வெளி மாகாணத் தொழிலாளருக்கும் உரிய வசதிகளை மறுத்தது மானத்துடன் வாழும் உரிமைக்கும் பங்கம் என்று ஏற்பட்டது. அட்டவணையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டட வேலை ஆபத்தானதே என்றும், அரசியல் சட்டத்தின் தடை தானாகவே செல்லும் என்றும் குழந்தைகள் விஷயத்தில் தீர்ப்பாயிற்று.

வேலையிடங்களை அவ்வப்போது பார்வையிட்டு அறிக்கை தர மூவரைக் கோர்ட்டு நியமித்தது. தொழிலாளர் சட்டங்களை மீறினவர்களுக்கு மாஜிஸ்திரேட்டுகள் சுமார் இருநூறு ரூபாய் அபராதம் விதித்துவிட்டு விடுவதையும் அது கண்டித்தது. நூற்றுக்கணக்கான ஆட்களிடம் நாள்தோறும் ஆளுக்கொரு ரூபாய் பிடிக்க வாய்ப்புள்ள இடத்தில், இருநூறு ரூபாய் அபராதம் தண்டனையாக இராது. தொழில் நடத்தும் செலவில் ஒன்றாகவே எழுதப்படும். சட்டத்தை மீறுவது சட்டத்தைக் காப்பதைவிட மலிவாக இருக்கும்வரை எந்தச் சட்டமும் ஏழையைக் காவாது என்பதை நாமும் மறக்கலாகாது.

தீர்ப்பின் சந்ததி

இத்தீர்ப்பின் வழியே அடுத்தடுத்துச் சில தீர்ப்புகள் வந்தன. ராஜஸ்தானத்தில் மதன்கஞ்ச் முதல் ஹர்மாரா வரை பொதுப்பணி இலாகா போட்ட சாலையில், பஞ்ச நிவாரணம் என்ற பெயரால், கூட்டம் கூட்டமாகப் பெண்கள் குறைந்தபட்சக் கூலியாகிய ஏழு ரூபாய்க்கும் குறைவாகப் பெற்று உழைத்தார்கள். நிவாரண வேலைகளுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா என்று அந்த ராஜ்யம் 1964இல் இயற்றிய சட்டம் அதற்குக் கேடயமாக நிறுத்தப்பட்டது. திலோனியாவில் சமூகப்பணி செய்துவந்த சஞ்சித் ராய் தொடுத்த வழக்கில், 1983 ஜனவரி 20ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கேடயத்தை உடைத்தது. பஞ்சத்தில் அகப்பட்டவன் கதியற்றவன் என்பதைக் காரணமாக்கி அவன் உழைப்பை மலிவாக வாங்க சர்க்காருக்கு உரிமையில்லை என்ற அத்தீர்ப்பைப் படிக்கும்போது, டாக்டர் கார்னிஷ் 1877இல் சென்னையில் போராடிய நியாயத்துக்கு நூற்றாறு ஆண்டுகளுக்குப் பிறகு சட்டத்தின் முத்திரை விழுந்ததாகவே தோன்றுகிறது.

அதே 1983இல், காஷ்மீர ராஜ்யத்தில் செனாப் நதியின்மேல் எழும்பிய ஸலால் நீர்மின் திட்டத்துத் தொழிலாளர் வழக்கிலும், கங்காணிகள் அழைத்துவந்த ஒரிஸ்ஸாத் தொழிலாளரின் உரிமைகள் நிலைநாட்டப்பட்டன. நீண்ட காலம் நடக்கும் சர்க்கார்க் கட்டட வேலைகளில் தொழிலாளரின் குழந்தைகளுக்குப் படிப்பு வசதி செய்யவேண்டும், அதைக் காண்ட்ராக்டிலேயே எழுதலாம் என்ற யோசனையும் அத்தீர்ப்பில் காணப்படுகிறது. ஆண்டின் இறுதியில், டிசம்பர் 16ஆம் தேதி, ஹரியானாவில் பரீதாபாத்தை அடுத்த கல் குவாரிகளின் கொத்தடிமைகள் பற்றிய வழக்கு தீர்ந்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் இயற்றப்பட்டு, அதன்கீழ்க் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. தேசம் முழுவதற்குமான கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996இல் வந்தது.

ஆயினும் இந்தச் சரித்திரத்தை ஏறுமுகமான வெற்றிக் கதையாக எழுத மனம் ஒப்பவில்லை. நியாயக்கூலிக் கொள்கைக்குத் தாயகமாகிய பிரிட்டன், 94ஆம் உடன்படிக்கையிலிருந்து விலகியது அதே 1982ஆம் ஆண்டில். டில்லியிலோ, இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2010இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காக மறுபடி மைதானங்கள் எழும்பியபோது, அதே சங்கம் அதே குறைகளுடன் டில்லி ஹைகோர்ட்டை அணுக நேர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் இந்தியாவின் தூதராயிருந்த அருந்ததி கோஷின் தலைமையில் கோர்ட்டு அமைத்த கமிட்டி, குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்படாமையையும் தங்குமிடங்களின் சீர்கேட்டையும் நேரில் கண்டு எழுதியது. நடுவில் ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது; 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒவ்வொரு சட்டக்கல்லூரி மாணவனும் பாடமாகப் படித்திருந்தான்; வேலையிடத்தில் கூலி கொடுக்கும் மேஜைக்கருகே சர்க்காரின் பிரதிநிதி நிற்க வேண்டும் என்ற விதிதான் படிப்பாரற்றுக் கிடந்தது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. நிர்ப்பந்த உழைப்பை ஒழிக்கும் அதிகாரம் நியாயஸ்தலத்திடம் இருப்பதைவிட அதிகமாக, காண்ட்ராக்டரின் பில்லைப் பரிசீலித்துக் கையெழுத்திடும் என்ஜினீயரிடமும், பணத்தை விடுவிக்கும் கணக்கு அதிகாரியிடமும் இருக்கிறது. தொழிலாளியின் கையில் முழுக்கூலி சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்று அவர்கள் உறுதியாக நிற்பார்களேயானால், எந்த ஜமேதாரும் ஒரு ரூபாயைக்கூடப் பிடிக்கத் துணிய மாட்டான். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டால், சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகூடப் புஸ்தக அலமாரியிலேயே தங்கிவிடும். நம் ஊரில் ஒரு பள்ளிக்கூடமோ பாலமோ சர்க்கார் செலவில் எழும்பும்போது, அங்கே மண் சுமக்கும் வெளியூர்த் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட கூலி எவ்வளவு, அவன் கைக்கு வருவது எவ்வளவு என்று விசாரிக்க, அந்தப் பணத்தை வரியாகச் செலுத்தும் நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. வாசகர்கள் அதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தில், ஜோர்டான் தேசத்தில் வேலை என்று நம்பிப் புறப்பட்டு, 2004ஆம் ஆண்டு ஈராக்கில் கொல்லப்பட்ட பன்னிரண்டு நேப்பாளிகளின் வரலாற்றையும், அமெரிக்க சர்க்கார் தன் காண்ட்ராக்டுகளில் ஆள் கடத்தலுக்கு எதிரான ஷரத்துகளை எழுத நேர்ந்த விதத்தையும் காண்போம்.

(தொடரும்)